கம்பத்தில் இறங்காத பிள்ளை

உத்தமபாளையத்தில் அவள் நடன வகுப்பு ஆரம்பித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அதுவரை நான் அவளைப் பார்த்ததுகூட இல்லை. கேரள எல்லையில் குமுளியில் பிறந்து வளர்ந்தவள், உத்தமபாளையத்தில் வாக்கப்பட்டவள், என்னைவிட வயதில் சின்னவள். இவ்வளவுதான் தெரியும். ஒருத்தியைப் பிடிக்காமல் போவதற்கு இவ்வளவு தெரிந்தாலே போதும்.

நான் கம்பத்தில் பரதநாட்டியம் சொல்லித் தருகிறேன். கீழே ஏலக்காய்க் கடை, மேலே என் வகுப்பு. என்னிடம் ஆடிய பிள்ளைகள் சிலர் கல்யாணமாகி, தங்கள் பெண்பிள்ளைகளையும் என்னிடமே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கூடலூரிலிருந்தும் சுருளிப்பட்டியிலிருந்தும் லோயர் கேம்பிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். டான்ஸ் டீச்சர் என்றால் அது நான்தான் என்று வெகுகாலம் இருந்துவிட்டேன். அப்படி இருந்தவளுக்கு, அடுத்த ஊரில் இன்னொருத்தி சலங்கைச் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்?

அவளைப் பற்றி என் காதில் விழுந்த முதல் சேதியே எரிச்சல் மூட்டியது. பிள்ளையை விட வந்த ஒரு அம்மா மாடிப்படியில் நின்று சொன்னாள்.

"அங்கன ஒரு டீச்சர் வந்திருக்காகல்ல டீச்சர், அவுக பிள்ளைகளைத் தொட்டுத் திருத்துறதுக்கு முன்னாடி, தொடலாமான்னு கேட்டுட்டுத்தான் தொடுவாகளாம்."

"கேட்டுட்டு?"

"ஆமா டீச்சர். வேணாம்னு பிள்ளை சொன்னா தொட மாட்டாகளாம். தானே செஞ்சு காட்டுவாகளாம்."

அரைமண்டியில் உட்காரும் பிள்ளைக்கு முட்டி உள்பக்கம் சாய்ந்தால் தாளம் போடும் தட்டுக்கழியால் லேசாக ஒரு தட்டு. தோள் தூக்கினால் பின்னால் போய் ஓர் அமுக்கு. முதுகு வளைந்தால் ஒரு நிமிர்த்து. நான் கற்றுக்கொண்டது அப்படி, சொல்லித் தருவதும் அப்படி. அன்று இரவு தோசை வார்த்துக்கொண்டே என் கணவரிடம் சொன்னேன், அந்த மகராசி தோசையைத் திருப்புவதற்கு முன்னாலும் தோசையிடம் சம்மதம் கேட்பாளாக்கும் என்று. அவர் உரக்கடை வைத்திருக்கிறார். என் கோபங்களைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிப் பழகியவர்.

"கேட்டுட்டுப் போகட்டுமே. ஒனக்கு எங்க வலிக்குது?" என்றார்.

எங்கே வலிக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கோ ஓர் ஊரில் ஒரு நடன ஆசிரியர் பிள்ளைகளிடம் தப்பாக நடந்துகொண்டார் என்று செய்தி வந்தது. யாரோ செய்ததற்கு எங்கள் எல்லார் மேலும் பெற்றோர்களின் கண் விழுந்தது. வெளியே இருந்து யாரும் வந்து சட்டம் பேசுவதற்குள் நாமே நமக்கு நடத்தை விதிகள் வகுத்துக்கொள்வோம் என்று, இந்தப் பக்கத்து நடன ஆசிரியர்கள் எல்லோரும் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடினோம். பெரியகுளம், போடி, சின்னமனூர் என்று எல்லா ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். முந்தின நாள் விருந்தின் சாம்பார் வாசனை இன்னும் போகாமல் இருந்தது.

அங்கேதான் அவளை முதன்முதலில் பார்த்தேன். சாதாரணக் கைத்தறிப் புடவை, ஒட்டினாற்போல ஒரு பொட்டு. எழுந்து நின்று, சத்தம் கூட்டாமல் பேசினாள். வகுப்பு நடக்கும்போது பெற்றோர் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் பார்க்கலாம். ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் பாடம் எடுக்கக் கூடாது. தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்க வேண்டும். பிள்ளையின் நிறத்தையும் உடம்பையும் பற்றிப் பேசக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கூடம் முழுவதும் தலையாட்டியது. போடியிலிருந்து வந்திருந்த வயதான நட்டுவனார், எதற்கும் லேசில் அசையாதவர், "நல்லாச் சொன்னாக" என்றார். என் நடனத்தை எத்தனையோ மேடையில் பார்த்தவர் அவர். என்னைப் பற்றி அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் உட்கார்ந்ததும் நான் எழுந்துவிட்டேன். என்ன பேசப் போகிறேன் என்று எழும்போது எனக்கே தெரியாது. ஆனால் வாயைத் திறந்ததும் தானாக வந்தது.

"ஒரு டீச்சர் ஆளாக்கிவிட்ட பிள்ளையை இன்னொரு டீச்சர் சத்தமில்லாம எடுத்துக்கிறக் கூடாது. பழைய டீச்சர் தன் வாயால சரின்னு சொன்னாத்தான் புது டீச்சர் சேர்க்கணும். அதையும் விதியில சேருங்க."

கைதட்டல் அவளுக்குக் கிடைத்ததைவிடப் பலமாக இருந்தது. இருக்காதா பின்னே, எந்த ஊர் டீச்சருக்குத்தான் பிள்ளை போன கடுப்பு இல்லை? இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் முடிவானது. ஒருவர் அமைத்த நடனத்தை அவரைக் கேட்காமல் மற்றவர் மேடையேற்றக் கூடாது. எனக்கு உச்சி குளிர்ந்தது. யாரை நினைத்துச் சொன்னேனோ அவள் முகம் எப்படிப் போகிறது என்று திரும்பிப் பார்த்தேன். அவள் எல்லோருக்கும் முன்னால் கைதட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து, "நல்ல விஷயம் சொன்னீக சேச்சி" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "அக்கா" என்று திருத்தினாள். நடித்தாள் என்று சொல்லத்தான் ஆசை. அவள் நடிக்கவில்லை. அதுதான் இன்னும் கசந்தது.

இனி என் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பிள்ளை என்றால் நான் பெற்றதில்லை. லோயர் கேம்பில் மின்நிலையத்தில் வேலை பார்ப்பவரின் மகள். பல் விழுந்து முளைக்கும் வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு என் மாடியேறி வந்தாள். மற்ற பிள்ளைகளுக்கு நான் தாளத்தைக் காலில் ஏற்ற வேண்டும். இவளுக்கு அது ஏற்கெனவே காலில் இருந்தது. அவளைப் போல ஒருத்தி எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை. தேனிக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு நாள், பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது, முடிந்ததும் வருகிறோம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனபோது, சரி என்றேன். பரீட்சை முடிந்தது. லீவு முடிந்தது. வரவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடம் கஷ்டமாக இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதற்கு நடுவே ஒரு சங்கதி. என் வகுப்பில் ஆடும் பிள்ளைகளை எந்த மேடையிலும் கண்டுபிடித்துவிடலாம். நான் தட்டுப்பலகையோடு உட்காருவது இடப்பக்க மூலையில். அங்கேதான் ஜன்னல் இருக்கிறது, மின்விசிறியும் இருக்கிறது. பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றதால், மேடையில் ஆடும்போதும் கண் இடப்பக்கம் ஓடும். நான் அங்கே இல்லாவிட்டாலும் ஓடும். "கம்பத்துக் கண்ணு" என்று மற்ற ஊர் டீச்சர்கள் கேலி செய்வார்கள். குறை என்று தெரிந்தும் நான் அதைத் திருத்தியதில்லை. என் பிள்ளைகள் என்னைத் தேடுவது எனக்குப் பிடித்திருந்தது.

சின்னமனூரில் ஒரு கோயில் விழாவுக்கு என்னையும் என் கணவரையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடைக்கு இடப்பக்கம் முன்வரிசையில் நாற்காலி. உத்தமபாளையத்துப் பிள்ளைகள் ஆட வந்தார்கள். நடுவில் நின்றவள் உயரமாக, நேராக, கண்ணைச் சபையின் மேல் வைத்து, ஒரு அடவும் பிசகாமல் ஆடினாள். யார் இவள், இவ்வளவு நன்றாக ஆடுகிறாளே என்று ஒரு நொடி வயிறு எரிந்தது. அடுத்த நொடி யாரென்று தெரிந்துவிட்டது. நான் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், அதே இடப்பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் கண் ஒரு தடவைகூட என் பக்கம் வரவில்லை.

"நம்ம லோயர் கேம்ப் பிள்ளை மாதிரி இருக்கே. ஜோரா ஆடுது என்ன?" என்றார் என் கணவர்.

நான் எழுந்து நடந்துவிட்டேன். அவர் கையில் சுண்டல் பொட்டலத்தோடு பின்னால் ஓடிவந்தார்.

மறுநாள் காலையிலேயே உத்தமபாளையத்துக்குப் போன் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். விதிக்குக் கைதட்டிய கை இதைத்தான் செய்ததா என்று கேட்டேன். அவள் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும்தான் சொன்னாள்.

"முதல் நாளே தெரிஞ்சுது அக்கா. கண்ணு இடப்பக்கமாப் போச்சு. கம்பம் டீச்சர்கிட்ட கேட்டீகளான்னு அவ அம்மாகிட்ட கேட்டேன். சரின்னு சொல்லிட்டாகன்னு சொன்னாக. நம்பிட்டேன். நானே ஒங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"இப்ப என்ன செய்யப் போற?"

"நீங்க சொல்லுற வரைக்கும் நான் அவளுக்குப் பாடம் எடுக்க மாட்டேன். தேனி விழாவுல தனியா வர்ணம் ஆடவைக்கலாம்னு இருந்தேன். அதையும் நிறுத்திக்கிறேன்."

சண்டை போடத் தயாராக வந்தவளுக்குச் சண்டைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் எவ்வளவு அவமானம் தெரியுமா? என் விதியை என்னைவிட மரியாதையாக அவள் நடத்தினாள். தேனி விழா என்றால் எல்லா ஊர் ஆசிரியர்களும் சேர்ந்து வருஷம் ஒரு தடவை நடத்துவது. நடன உருப்படிகளிலேயே நீளமும் கடினமுமான வர்ணத்தை அங்கே தனியாக ஆடும் பிள்ளையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த இடத்துக்கு நான் ஒரு பிள்ளையையும் இதுவரை கொண்டுபோனதில்லை.

வாரக் கடைசியில் அம்மாவும் பெண்ணும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்தார்கள். பெண் தலையை நிமிர்த்தவில்லை. அம்மாதான் அழுதாள்.

"பொய் சொல்லிட்டேன் டீச்சர். ஒங்க முன்னாடி நின்னு கேக்க எனக்குத் தைரியம் வரல."

"நான் என்ன புலியா, கரடியா?"

அவள் வேறொன்றைச் சொன்னாள். "உத்தமபாளையம் பஸ்ஸு கம்பம் பஸ் ஸ்டாண்டுல நின்னுதான் போகும். இங்கன நிக்கும்போதெல்லாம் பிள்ளை ஜன்னலுக்குக் கீழ தலையைக் குனிஞ்சுக்கிருவா டீச்சர். வண்டி கெளம்புனப்பறம்தான் நிமிருவா. ஒங்களைக் கண்டு பயந்துக்கிட்டுத்தான்."

இத்தனை மாசமாக என் மாடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இறங்காமல், தலையைக் குனிந்துகொண்டு, என்னைத் தாண்டிப் போயிருக்கிறாள். என்னைக் கண்டு பயம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. குனிந்து ஒளிந்தாவது போய்ச் சேர வேண்டும் என்று தோன்றுகிற அளவுக்கு அங்கே அப்படி என்ன இருக்கிறது, அதுதான் என் மண்டையைக் குடைந்தது.

"அழாதீக. வரச் சொல்லுங்க. தேனியில இவ வர்ணம் ஆடுவா. நான் ஆடவைக்கிறேன்" என்றேன்.

அவள் வந்தாள். உத்தமபாளையத்தில் கற்ற வர்ணத்தை ஆடக் கூடாது, அது அந்த டீச்சர் அமைத்தது என்றேன். சரி என்றாள். நான் வேறு வர்ணம் எடுத்தேன். ஜதியைச் சொன்னால் அப்படியே திருப்பி ஆடினாள். ஒன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் ஆடவில்லை. சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தாள். கை போன இடத்துக்கு மனசு போகவில்லை. இடப்பக்கம் அவள் கண் வராது என்று புரிந்ததும், நான் பலகையைத் தூக்கி நடுக்கூடத்தில் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். மற்ற பிள்ளைகளெல்லாம் பழக்கத்தில் ஆளில்லாத மூலையைப் பார்த்து ஆடினார்கள். இவள் என் தலைக்கு மேலே சுவரில் எதையோ பார்த்து ஆடினாள்.

"ஏ ஆத்தா, சாப்பிட்டியா இல்லையா? சவத்தைத் தூக்கி நிறுத்துன மாதிரி இருக்கு" என்று கத்தினேன்.

"சாப்பிட்டேன் டீச்சர்."

அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினால், "பிள்ளை வந்திருச்சுல்ல, பெறகு என்ன?" என்றார். வந்தது எனக்கும் தெரியும். எதை அங்கே விட்டுவிட்டு வந்தது என்றுதான் தெரியவில்லை.

தேனி விழா நெருங்கிவிட்டது. ஒரு நாள் மற்ற பிள்ளைகள் போன பிறகும் அவளை நிறுத்தி வைத்தேன். கதவு திறந்திருந்தது, அவள் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். விதி மீறவில்லை. ஜதியை முடிக்கிற ஒரு தீர்மானத்தில் அவள் தோள் ஏறி ஏறி நின்றது. எழுந்து பின்னால் போனேன். என் கை போவதற்குள்ளேயே அவள் உடம்பு இறுகிவிட்டது. கழுத்து நரம்பு தெரிந்தது. அடிவாங்கப் போகிற பிள்ளை அப்படித்தான் நிற்கும். நான் அடித்ததில்லை, கழியால் தட்டுவதை அடி என்று நான் நினைத்ததும் இல்லை. கையை அந்தரத்தில் நிறுத்தினேன். அவளுக்கு அங்கே என்ன பழக்கமோ அதையே செய்துவிட்டுப் போகிறேன், இதுகூடவா எனக்கு வராது என்ற வீம்பில் கேட்டேன்.

"தொடலாமா?"

சம்பிரதாயமாகத்தான் கேட்டேன். கேட்டுக்கொண்டே கையைக் கொண்டுபோனேன். அவள் திரும்பவில்லை. மெல்லிய குரலில், மரியாதை குறையாமல் சொன்னாள்.

"வேணாம் டீச்சர்."

கீழே கடையில் ஏலக்காய் மூட்டையைத் தொப்பென்று இறக்கும் சத்தம் கேட்டது. நான் கையைக் கீழே போட்டேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். என் கோபம் எப்போதும் கேட்காமலே வரும். அன்றைக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது, அதை அவள் முன்னால் காட்டக் கூடாது என்று ஜன்னல் பக்கம் போய், "சரி போ. நாளைக்கு வா" என்றேன்.

அன்று சாயங்காலமே உத்தமபாளையத்துக்குப் பேசினேன்.

"அவளை நீயே எடுத்துக்க" என்றேன். "நான் சரின்னு சொல்லிட்டேன். வர்ணமும் ஒன்னோடதையே ஆடட்டும்."

ஜெயித்த சந்தோஷம் குரலில் வந்தால் போனை வைத்துவிடலாம் என்று இருந்தேன். வரவில்லை. இந்தப் பாழாய்ப்போனவளுக்கு அதுகூடத் தெரியவில்லை.

"அக்கா, இதை ஒங்க வாயால அவகிட்டயே சொல்லிருங்க. நான் சொன்னா, மறுபடியும் திருட்டுத்தனமா வந்தோம்னுதான் அந்தப் பிள்ளை மனசுல கெடக்கும். அதோட ஆடுனா ஆட்டம் வராது."

அவள் சொன்னது சரி. அவள் சொல்வது எப்போதும் சரியாக இருப்பதுதான் என் கஷ்டம்.

மறுநாள் அம்மாவும் பெண்ணும் வந்தபோது, ராத்திரி முழுக்க யோசித்து வைத்த பெரிய வார்த்தைகள் ஒன்றும் வாயில் நிற்கவில்லை. சலங்கையைக் கட்டப் போனவளை நிறுத்தினேன்.

"கட்டாத. இனி நீ அங்கனயே போய்க் கத்துக்க. நான் அந்த டீச்சர்கிட்ட பேசிட்டேன். முழு மனசோடதான் சொல்லுறேன். பஸ்ஸுல நிமிர்ந்து உக்காந்து போ."

முழு மனசு என்பது பொய். அந்தப் பொய்யைச் சொல்லக் குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள், தனக்குச் சரியாகத்தான் கேட்டதா என்று. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எழுந்து என்னை நேராகப் பார்த்து, வாய் நிறையச் சிரித்தாள். ஆடும்போது உதடு பிரியாமல்தான் சிரிக்க வேண்டும் என்பது என் வகுப்பின் கண்டிப்பு. வகுப்பு நேரத்தில் மற்ற சிரிப்புக்கு நான் இடம் கொடுத்ததில்லை. மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருந்தது. அதனால் அந்தச் சிரிப்பு அவ்வளவு அழகாக இருந்தது. பல் விழுந்து முளைக்கும் வயதிலிருந்து என்னிடம் ஆடிய பிள்ளை, அந்தப் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

உத்தமபாளையத்துக்காரி அதை முதல் வாரமே பார்த்திருப்பாள்.